அப்பா எடுக்காத வெள்ளிப் பாத்திரம்

எங்கள் அப்பா காலமாகி ஓராண்டு நிறைந்துவிட்டது. முதலாண்டுத் திதிக்கு வெயிலையும் பஸ் நெரிசலையும் பாராமல் வந்து, எங்களோடு இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்த மலரைக் கொடுக்கிறோம். குடும்பத்தின் சார்பில் எழுதும் பொறுப்பு, பள்ளிக்கூடத்து ஆசிரியை என்ற காரணத்தால், மகளாகிய எனக்கு வந்தது.

இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவருடைய நற்குணங்களை வரிசையாக எழுதுவது வழக்கம். அப்பாவுக்கு நற்குணங்கள் உண்டு. பிடிவாதம் அதைவிட அதிகம் உண்டு. அதில் பாதி எனக்கு வந்திருக்கிறது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா ஜமீன் வீட்டு வெள்ளியைத் திருடினார் என்று பதினாறு வருஷங்களாக ஒரு பேச்சு நம் உறவில் நடமாடுகிறது. இந்த மலரை வாங்கியவர்களில் பாதிப் பேராவது அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். அந்தப் பேச்சை முடித்துவைக்கத்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை. "நல்லதா நாலு வார்த்தை எழுதிட்டுப் போயேன். ஆறிப்போனதை ஏன் கிளறுறே?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொன்னார்: "யாருக்குடா ஆறிச்சு? ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு உங்கப்பா சும்மா இருந்தாரு. அவ எழுதட்டும்."  கடைசியில் அச்சுக்கூலியையும் அண்ணன்தான் கொடுத்தார்.

அப்பா பிறந்தது மணப்பாறையில். தாத்தா மாட்டுத் தரகர். அப்பாவுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரே வாரத்தில் பேதியில் பெற்ற தாயும் தங்கையும் போனார்கள். மழை பொய்த்த வருஷங்களில் இருந்த காணி நிலமும் கைவிட்டுப் போயிற்று. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பத்தொன்பதாவது வயதில், ஜமீன்தார் வாங்கிய ஒரு ஜோடிக் காளையைத் திருச்சிராப்பள்ளியில் அவருடைய பங்களாவுக்கு ஓட்டிவந்தார். புது இடத்தில் காளைகள் தீனி எடுக்கவில்லை. அவை பழகும்வரை நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்றார்கள். அந்த நாலு நாளில் ஒருநாள் பங்களாவில் கலெக்டருக்கு விருந்து. பாத்திரம் கழுவுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கை குறைகிறதே என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். சத்தமே எழுப்பாமல் அத்தனை வெள்ளியையும் கழுவித் துடைத்து வைத்ததைப் பார்த்த தலைமைப் பட்லர் அவரை மணப்பாறைக்குத் திரும்ப விடவில்லை. சில வருஷங்களில் வெள்ளி அறையின் சாவி அப்பாவின் அரைஞாணுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்தது.

அந்த வெள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜமீன்தாருடைய தாத்தா காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்தது அது. நாம் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்கள். ஜமீன் வெள்ளியில் இருந்தது அப்படியல்ல. மூன்று ஆங்கில எழுத்துகள் கொடி போல ஒன்றோடொன்று பின்னி, மேலே ஒரு சின்னக் கிரீடம். தட்டு, கரண்டி, முள், கத்திப்பிடி, உப்புச் சிமிழ் வரை எல்லாவற்றிலும் அந்த முத்திரை. ஒவ்வொன்றையும் வைக்கத் தேக்குப் பெட்டிகள். பெட்டிக்குள் பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, அந்தந்தச் சாமானின் வடிவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். சாமானை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். எது இல்லையோ அதன் உருவம் பள்ளமாகத் தெரியும். ஆங்கிலமே படிக்காத அப்பா அந்த மூன்று எழுத்துகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்.

அந்தச் சாமான்களில் இரட்டையாக இரண்டு பாத்திரங்கள் இருந்தன. தோணி போன்ற வடிவம், ஒரு பக்கம் மூக்கு, மறுபக்கம் வளைந்த பிடி. 'சாஸ் போட்' என்பார்கள் பட்லர்கள். வெள்ளைக்காரர்கள் மேஜையில் மாமிசக் குழம்பை ஊற்றிக்கொள்வதற்கான பாத்திரம். அப்பாவின் வாழ்க்கை அதில்தான் மாட்டிக்கொண்டது.

ஜமீன்தாருடைய தாயாரை எல்லோரும் ராணியம்மா என்பார்கள். முசிறிப் பக்கத்தில் ஒரு கிராமம் அவர் பிறந்த ஊர். மிகுந்த பக்தி. துரைமார் சாப்பிடும் கூடத்துப் பக்கம் அவர் தலைகாட்டியதே கிடையாது. ஒரு நாள் காலையில், கழுவிக் காயவைத்திருந்த வெள்ளியைத் தற்செயலாகப் பார்த்தவர், அந்தத் தோணிப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார்.

"இது எதுக்குப்பா? மூக்கும் பிடியுமா லட்சணமா இருக்கே."

"ஊத்துறதுக்குங்கம்மா" என்றார் அப்பா.

"பாலா?"

அன்று ஏகாதசி. ராணியம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், கையில் துளசி மணிமாலையோடு நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்து, அந்த நாளில், 'மாமிசம்' என்ற வார்த்தையைச் சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. பேசாமல் நின்றார். நம்மவர்களுக்கே உரிய தப்பு இது. பெரியவர்கள் முன்னால் சொல்லத் தகாததைச் சொல்லாமல் நிற்போம். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"ஒண்ணை நான் எடுத்துக்கிறேன். எங்க ஊர்ப் பெருமாளுக்குப் பாலமுது பண்ண நல்ல பாத்திரமே இல்லை. பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று ராணியம்மா எடுத்துப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பியதும் அப்பாவைக் கூப்பிட்டு, "இன்னைக்குக் காலையில அந்தப் பாத்திரத்துலதான் பெருமாளுக்குப் பால் ஆச்சு. பார்க்கக் கண் கோடி வேணும்" என்றாராம். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியாவது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த அந்த மாதத்திலேயே ராணியம்மா காய்ச்சலில் கண்ணை மூடினார். மகனிடம் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

துக்கம் கழிந்து அடுத்த விருந்துக்குப் பெட்டியைத் திறந்தபோது ஜமீன்தாரே பக்கத்தில் நின்றார். பள்ளம் தெரிந்தது.

"நீ எடுத்தியா?"

"இல்லைங்க."

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"எங்க?"

"சொல்ல மாட்டேங்க."

இந்த நாலு வரியை அப்பா என்னிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். 'தெரியாது' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஆளாளுக்குத் தேடிவிட்டு விட்டிருப்பார்கள். பொய் சொல்லவும் வராது, உண்மையைச் சொல்லவும் மனமில்லை. சொன்னால் என்ன ஆகும்? மாமிசம் பட்ட பாத்திரத்தில் பெருமாளுக்குப் பால் வார்த்தார்கள் என்று ஊர் சிரிக்கும். கோயிலைப் பூட்டுவார்கள், பூஜை செய்யும் பட்டரை விரட்டுவார்கள், செத்துப்போன ராணியம்மாவின் பேரைச் சந்திக்கு இழுப்பார்கள் என்று அப்பா நம்பினார். "வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல நான் திறக்கலை. அதுக்கு நான்தான் அனுபவிக்கணும்" என்பது அவர் கணக்கு. இருபத்திரண்டு வருஷம் சாவி வைத்திருந்தவன் என்பதால் போலீசைக் கூப்பிடவில்லை, போ வெளியே என்றார் ஜமீன்தார். சாவியை வைத்துவிட்டு அப்பா வந்துவிட்டார்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மணப்பாறைக்குப் போய்விட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. காட்டூரில் ஒன்றுவிட்ட அத்தை வீட்டில் வளைகாப்பு. அம்மாவும் நானும் போயிருந்தோம். எல்லோருக்கும் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் முறை வந்ததும் ஒரு கை அந்தக் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோயிற்று. எங்களுக்குப் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் வந்தது. அம்மா அதைத் தொட்டுக் கழுத்தில் பூசிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வரும் வழியில் நான் அழுதேன். "அழாதே. நாம அழுதா அவங்க சொன்னது நிஜம்னு ஆயிடும்" என்றார். அந்தக் கை யாருடையது என்பது எனக்குத் தெரியும். பெயர் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

வேறொருவராக இருந்தால் ஊரைவிட்டுப் போயிருப்பார், அல்லது வேறு தொழில் தேடியிருப்பார். அப்பா ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து, வீடு வீடாகப் போய் வெள்ளிப் பாத்திரம் துலக்கித் தரும் வேலையைத் தொடங்கினார். வெள்ளித் திருடன் என்று பேர் வாங்கியவர் வெள்ளி துலக்க வருகிறேன் என்று வாசலில் போய் நின்றால் யார் கொடுப்பார்கள்? அம்மாவே கேட்டுவிட்டார்: "வேற வேலையே இல்லையா உலகத்துல?" அப்பா சொன்னது: "வேற வேலைக்குப் போனா, பயந்துக்கிட்டு வெள்ளியை விட்டுட்டான்னு ஆயிடும். இதுலதான் சோறு திம்பேன்." ஆறு மாதம் சோறு அநேகமாக இல்லை. அம்மா அப்பளம் இட்டு விற்றார்.

ஏழாவது மாதம், உத்தர வீதியில் ஒரு வக்கீல் வீட்டு மாமி, மகள் கல்யாணத்துக்கென்று வெள்ளிச் சாமான் முழுவதையும் கொல்லைக் கிணற்றடியில் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். "உம்மைப் பத்திக் கேள்விப்பட்டேன்" என்றாராம். அப்பா எழுந்து நின்றாராம். "உக்காரும். எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போய்விட்டார். காவலுக்கு ஆள் வைக்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து அப்பா அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவருடைய வேலைக்கு ஒரு முறை உண்டு. ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர், சலித்த விபூதி, பழைய மல் வேட்டித் துணி, இவ்வளவுதான். புளியும் செங்கல் பொடியும் வெள்ளிக்கு எமன் என்பார். யார் வீட்டுச் சாமானையும் அவர்கள் வாசற்படியைத் தாண்டி எடுத்துவர மாட்டார். வேலை முடிந்ததும், யாரும் கேட்காமலே, தோள் துண்டை எடுத்து அவர்கள் கண் முன்னால் நன்றாக உதறிவிட்டுத்தான் கிளம்புவார். எனக்கு அதைக் கண்டால் உடம்பெல்லாம் எரியும். "ஏம்ப்பா இப்படி உங்களையே கேவலப்படுத்திக்கிறீங்க?" என்று ஒரு முறை சண்டை போட்டேன். "அவங்க மனசுல நினைச்சுக்கிட்டு இருக்கிறதை விட, கண்ணால பார்த்துட்டா நிம்மதிதானேம்மா" என்றார். இந்தத் துண்டு உதறிய காசில்தான் அண்ணனும் நானும் படித்தோம். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனேன். அதற்குள் ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் அப்பாவிடம் நாள் கேட்கும் நிலை வந்துவிட்டது.

யுத்த சமயத்தில் ஒரு நாள் வக்கீல் மாமி கூப்பிட்டு அனுப்பினார். முசிறிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் சம்ப்ரோக்ஷணம், அதாவது கும்பாபிஷேகம், வருகிறதாம். அங்கே இருக்கும் பட்டர் தமக்கு உறவாம். பாத்திரமெல்லாம் துலக்க வேண்டுமாம். அப்பா எந்தக் கோயில் என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் பதில் சொல்லவில்லை. பிறகு சரி என்றார். அப்போதே கை நடுக்கம் வந்துவிட்டதால் துணைக்கு நானும் போனேன். கரியில் ஓடும் பஸ்ஸில் மூன்று இடத்தில் இறங்கித் தள்ளிப் போய்ச் சேர்ந்தோம்.

வெளிப் பிரகாரத்தில் பாத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தார் பட்டர். நடுவில் அந்தத் தோணிப் பாத்திரம். திருப்பிப் பார்த்தேன். அப்பா எழுதிக் காட்டும் அதே கொடி போலப் பின்னிய மூன்று எழுத்து, மேலே கிரீடம். என்னைப் பெற்றவரைத் திருடனாக்கிய பாத்திரம் என் கையில் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். "பேசாம துலக்கும்மா" என்றார் மெல்ல. அங்கேயே, தணிந்த குரலில், ஏகாதசியன்று நடந்ததிலிருந்து அந்த நாலு வரி வரைக்கும் முதல் தடவையாக எனக்குச் சொன்னார். அம்மாவுக்கு மட்டும் முன்பே தெரியுமாம்.

நான் பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை. எழுந்து பட்டரிடம் போனேன்.

"சாமி, இது என்ன பாத்திரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. வெள்ளைக்காரா மேஜையில மாமிசக் குழம்பு விட்டு வெச்சிக்கறது. அதைத்தானே கேக்கறே?" என்றார் அவர், சாதாரணமாக. "வந்த ஏழாம் நாளே தெரியும். என் மச்சினன் ரயில்வேல குமாஸ்தா. பார்த்த உடனே சொல்லிட்டான். பெரியவாகிட்ட போய்க் கேட்டேன். மண்பாத்திரம்னா உடைச்சுப் போடு, வெள்ளிக்கு என்ன, நெருப்புல காட்டி, புண்யாஹம் பண்ணி எடுத்துக்கோன்னா. அப்படியே பண்ணினேன். ராணியம்மா ஆசையாக் கொடுத்தது, பெருமாள் அமுது பண்ணிண்டிருக்கார். ஏன், என்ன ஆச்சு?"

அப்பாவின் கையில் துணி அப்படியே நின்றது. "பதினோரு வருஷம், சாமி" என்றார்.  மிச்சத்தை நான் சொன்னேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், அழுதுகொண்டே கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவா? நீ யாருன்னுகூட எனக்குத் தெரியாதேப்பா" என்றார். பிறகு எழுந்து, "நாளைக்கே ஜமீனாத்துக்குப் போய்ச் சொல்றேன்" என்றார்.

"வேண்டாங்க சாமி" என்றார் அப்பா. "அங்க அண்ணன் தம்பிக்குள்ள பாகவழக்கு நடக்குது. கரண்டி வரைக்கும் பங்குக்கு வருது. இது இங்க இருக்குன்னு தெரிஞ்சா கோர்ட்டு அமீனாவோட வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. ராணியம்மா கொடுத்தது திரும்பிப் போகக் கூடாதுங்க."

"அப்போ உன் பேரு?"

"எம் பேரு எங்கயும் போயிடாதுங்க. பாத்திரம் போனா வராது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மீதியைத் துலக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், "நான் இருக்கிற வரைக்கும் இதை நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார். "அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் நான் எங்க வந்து கேக்கப் போறேன்" என்று சிரித்தார். அதை நான் அனுமதி என்றே வைத்துக்கொண்டேன்.

நாடு விடுதலை பெற்றதைப் பார்த்தார். பேத்தி பிறந்ததைப் பார்த்தார். கடைசி இரண்டு மாதம் மூச்சுத் திணறலில் கஷ்டப்பட்டாலும் ஒருவருக்கும் தொந்தரவு தரவில்லை. காப்பியில் சர்க்கரை குறைந்தால் மட்டும் சத்தம் போடுவார். ஆடி மாதத்தில் ஒரு காலை, அம்மா தலையை மடியில் தாங்கியிருக்க, அமைதியாகப் போனார்.

காரியங்கள் முடிந்த மறு வாரம் நான் ஜமீன் பங்களாவுக்குப் போனேன். வழக்கு முடிந்து, வெள்ளியெல்லாம் சென்னையில் ஏலம் போய்விட்டிருந்தது. ஜமீன்தார் கிழவராகி ஒற்றையாக இருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். "அவனே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எங்க இருக்குன்னு தெரியுமான்னு கேட்டீங்க. தெரியும்னாரு. திருடினவன் தெரியும்னு சொல்லுவானாங்க?" என்றேன்.

 அவர் என்னைக் காகிதம் எடுத்து வரச் சொன்னார். அந்தப் பாத்திரம் தம்முடைய தாயார் தம் கையால் கோயிலுக்குக் கொடுத்தது, அது கோயிலுக்கே சொந்தம், எங்கள் அப்பா பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதம் அடுத்த பக்கத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. பட்டரிடமும் கேட்டுக்கொண்டேன். "தாராளமா எழுது. யாராவது தோஷம்னு கிளம்பினா, என்கிட்ட அனுப்பு" என்றார்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி நாட்களில் நடந்தே வந்து ஊசி போட்டுப் போன டாக்டருக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த வீதிக்காரர்களுக்கும், திதிக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. பட்டர்சுவாமிக்கு நமஸ்காரம். சாமானை முன்னால் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன வக்கீல் வீட்டு மாமிக்கு நன்றி என்ற வார்த்தை போதாது. அவரை நேரில் பார்த்து விழுந்து கும்பிட்டுவிட்டேன்.

கடைசியாக, அப்பாவைத் திருடன் என்று சொன்னவர்களுக்கு. உங்கள்மேல் எங்களுக்குப் பகை இல்லை என்று எழுதச் சொல்கிறார் அண்ணன். அவருக்கு இல்லாமலிருக்கலாம். எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். இந்த மலரில் தேவைக்கு மேல் நூறு பிரதிகள் அச்சடித்திருக்கிறோம். வாசலில் மேஜைமேல் இருக்கின்றன. அன்று எத்தனை பேரிடம் போய்ச் சொன்னீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை பிரதி எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் உங்கள் கையாலேயே கொடுங்கள். போதாவிட்டால் சொல்லியனுப்புங்கள், இன்னும் அச்சடித்துத் தருகிறோம்.